வயரிங்கில் கோளாறு இல்லை

ஆம்பூர் வெயிலுக்கு இன்சுலேஷன் டேப் நிற்காது. மார்ச் பிறந்தால் பசை இளகி, சுற்றிய டேப் தானாகப் பிரிந்து தொங்கும். அதனால் நான் டேப் சுற்றுவதில்லை. ஒவ்வொரு இணைப்பையும் ஈயத்தால் பற்றவைத்து, மேலே குழாய் போல ஸ்லீவ் போடுவேன். நேரம் பிடிக்கும். ஆனால் நான் முடித்து அனுப்பிய வண்டி வயரிங்குக்காகத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எனக்குச் சுலபம்.

என் பெயர் நவநீதன். ஆட்டோ எலக்ட்ரீஷியன். பைபாஸ் ஓரம் ஷெட். ஷெட்டின் மறுபாதி லோகநாதனுடையது. அவன் இன்ஜின் மெக்கானிக். என் தங்கை பூங்காவனத்தின் கணவன். பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம்.

அவனுக்கு நல்ல கை. அதை நான் மறுக்கவில்லை. ஒரு பழக்கம்தான் சரியில்லை. எந்த வண்டியையும் அவன் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்ய மாட்டான். பானட்டைத் திறந்து, முன்னால் நின்று குனிந்து, முழங்கை நீள ஸ்க்ரூடிரைவரை ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே வைப்பான். பொறி பறக்கும். இன்ஜின் சுற்றும். சீட்டு வரை நடக்கிற வேலை மிச்சம் என்பான். பொறி பட்டுப் பட்டு போல்ட்டின் தலை அரித்துப்போகும். அதை மாற்றுவது நான்.

நிசார் அஹமது தோல் வியாபாரி. அவருடைய அப்பா ஓட்டிய அம்பாசிடர், எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி, இன்ஜின் செத்துக் கிடங்கில் கிடந்தது. அதில் டீசல் இன்ஜின் வைத்துத் தரச் சொன்னார். இன்ஜினை லோகநாதன் இறக்கினான். பெட்ரோல் வண்டியின் வயரிங் டீசலுக்கு ஆகாது. காயில் வேண்டாம், ஸ்பார்க் பிளக் வேண்டாம். இன்ஜினைச் சூடாக்க ஹீட்டர் வேண்டும். சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்துகிற வால்வுக்குத் தனி லைன் வேண்டும். ஸ்டார்ட்டர் பெரியது, பழைய கேபிள் அதற்குத் தாங்காது. எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தேன். பதினோரு நாள் ஆனது.

"மக உமைமா ஓட்டப் போறா. பத்திரமா இருக்கணும்" என்றார் நிசார் அஹமது.

அதற்காகக் கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்தேன். கியரில் நிற்கும் வண்டிக்கு ஸ்டார்ட்டர் கொடுத்தால் வண்டி எகிறும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் ஓடவே ஆரம்பிக்கும். என் சுவிட்ச் இருந்தால் அது நடக்காது. கிளட்சை முழுக்க மிதித்தால்தான் சாவி ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் கொடுக்கும். கேட்காமலே செய்து கொடுத்தேன். சாவியைத் திருப்புகிற யாருக்கும் அந்த வண்டியில் ஆபத்தில்லை.

லோகநாதன் குனிந்து பார்த்தான். "இன்னா மச்சான், காருக்குத் தாயத்து கட்றியா?"

"சேஃப்டி மாப்ள."

"உன் சாவிய செயின்ல கோத்து கழுத்துல மாட்டிக்கோ. ஷோக்கா இருக்கும்."

நானும் சிரித்தேன்.

முதல் ஸ்டார்ட்டை வெள்ளிக்கிழமை வைத்துக்கொண்டோம். தொழுகை முடித்து நிசார் அஹமது வந்தார். கியர் நியூட்ரலில் இருந்தது. நான் சாவியைத் துடைத்து, போட்டு, ஆன் செய்தேன். ஹீட்டர் விளக்கு எரிந்தது. அது அணைந்ததும் அவர் கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்ப வேண்டும் என்று நினைத்திருந்தேன். "உக்காருங்க பாய்" என்று கதவைத் திறந்து பிடித்தேன். அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். முன்னால் பொறி பறந்தது. இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவர் காலை வெளியே எடுத்து, முன்னால் போய் லோகநாதனைக் கட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவருடைய அப்பாவின் வண்டி அல்லவா.

"பாத்தீங்களா பாய், சாவிலாம் சும்மா ஷோவுக்கு" என்றான் லோகநாதன். எல்லோரும் சிரித்தார்கள்.

நிசார் அஹமது நல்ல மனிதர். என்னை விட்டுவிடக் கூடாது என்று திரும்பிக் கேட்டார். "நீங்க இன்னா நவநீதன், லைட்டு, ஹாரன்லாம் ஆச்சா?"

"ஆச்சு பாய்" என்றேன். கதவு இன்னும் என் கையில் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் கை நடுங்கும். அன்று சாயங்காலம் இரண்டு வண்டிக்கு ஈயம் பற்றவைத்தேன். நடுங்கவில்லை.

திங்கட்கிழமை காலை லோகநாதன் ஐட்லிங்கை, அதாவது இன்ஜின் நின்றபடி ஓடுகிற வேகத்தை, சரிசெய்ய வேண்டியிருந்தது. டீ குடிக்கப் போயிருந்தான். நான் அம்பாசிடரைச் சுவர்ப் பக்கம் தள்ளினேன். பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டேன். முதல் கியரைப் போட்டேன். ஹேண்ட்பிரேக் கேபிள் இன்னும் மாட்டவில்லை. டீசல் வால்வு திறந்திருக்கச் சாவியை ஆனில் வைத்தேன்.

அவன் வந்து பானட்டைத் தூக்கினான். இடுக்கில் நுழைந்து நின்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"நியூட்ரல்தான மச்சான்?"

"ம்" என்றேன்.

வேறு யார் சொன்னாலும் அவன் நம்ப மாட்டான். தானே போய்க் கியரை ஆட்டிப் பார்ப்பான். நான் சொன்னால் போதும்.

அவன் வைக்கிற பொறிக்கு என் கிளட்ச் சுவிட்ச் குறுக்கே வராது; வண்டி எகிறியது. சுவரில் முட்டிய பிறகும் இன்ஜின் நிற்கவில்லை. நல்ல இன்ஜின், அவன் செய்த வேலை. நான் கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். அவன் என்னைப் பார்த்தான். பேச மூச்சு இல்லை. அவன் பார்ப்பது நின்ற பிறகு, கையை உள்ளே விட்டுச் சாவியை அணைத்தேன். இன்ஜின் அந்த நொடியே அடங்கியது. வால்வு லைனில் ஒரு குறையும் இல்லை.

நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைப் பின்னால் தள்ளினேன். கீழே கிடந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து அதன் ஆணியில் மாட்டினேன். மறைப்பதற்காக இல்லை. கருவி தரையில் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. பிறகு பக்கத்து ஷெட்காரர்களைக் கூப்பிட்டேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் அன்று ஸ்டேஷனில் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டீர்கள். நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்.

ஆனால் வண்டியைப் பார்க்க வந்த மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரு அறிக்கை எழுதினார். கியர் நியூட்ரலில் இருந்தது, சாவி இருந்தது, ஸ்க்ரூடிரைவர் ஆணியில் தொங்கியது. அவர் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. கியரில் நின்ற வண்டி மின் இணைப்புக் கோளாறால் தானாக ஸ்டார்ட் ஆகியிருக்க வேண்டும், கியர் பிறகு மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதினார். மூன்று முறை போய்ப் பார்த்தேன். ஒரு இணைப்பையாவது பிரித்துப் பாருங்கள் என்றேன். எழுதியது எழுதியதுதான் என்றார். போன வாரம் நிசார் அஹமது வண்டியை வாணியம்பாடிக்கு அனுப்பி, என் வயரிங்கை முழுக்க உருவி எறிந்துவிட்டார். கிளட்ச் சுவிட்சையும் சேர்த்து.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியைத் தள்ளியது நான். கியரைப் போட்டது நான். கேட்டவனுக்கு "ம்" என்றது நான். லோகநாதனை நான்தான் கொன்றேன். நீங்கள் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அந்த அறிக்கையில் மின் இணைப்புக் கோளாறு என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட வேண்டும்.

நேற்று மதியம் பூங்காவனம் ஷெட்டுக்கு வந்தாள். அறிக்கையை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். டிபன் கேரியரைத் திறந்து, தட்டை எடுத்து, எனக்குச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்ததும் கேரியரை மூடினாள்.

"வயரு எங்கியோ தட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. நீ இன்னா தெரிஞ்சா செஞ்ச? மனசப் போட்டு கொழப்பிக்காத அண்ணா. உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றாள்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை, ஐயா. செய்யாத தப்புக்கு ஒருவன் எப்படி மன்னிப்பை வாங்கிக்கொள்வது?