நல்லையாவின் கால் நனையவில்லை

நல்லையா: ...வெட்ட வேணாம்னுட்டாங்க தங்கச்சி! கால் கட்டைவிரல் தப்பிச்சிருச்சு! மொதல்ல இந்தப் பால் கேனை வாங்கு, கை விறைக்குது.

கரீமா: அல்ஹம்துலில்லாஹ்! நேத்து ரங்கூன் ஆஸ்பத்திரியில அந்தச் சயாமாவைத்தானே பாத்தீங்க? என்னண்ணே சொன்னாங்க டாக்டரம்மா?

நல்லையா: அமுக்கி அமுக்கிப் பாத்துச்சு. புண்ணு ஆறிருச்சாம். ஆனா சுகர் உள்ள காலு... பனிக்காலம் முடியிற வரைக்கும் ஈரமும் படக்கூடாது, குளிரும் ஏறக்கூடாது. இன்னொரு புண்ணு வந்தா விரலோட நிக்காதுன்னுச்சு.

கரீமா: அப்ப சைக்கிளை விட்டுட்டு...

நல்லையா: மாட்டுக்கொட்டாய்லேருந்து உன் டீக்கடைக்கு எந்த பஸ்ஸு வருது? இந்த மாவ்பி ஊரு வரப்புல பனி சொட்டுற புல்லு முழங்கால் ஒசரம். ஃபனாச் செருப்போட மிதிச்சா அரை மைல்ல காலு ஊறிப்போவும்.

கரீமா: அதுக்குத்தானே கால்ல பிளாஸ்டிக் பையக் கட்டிக்கிட்டு வந்தீங்க... கோழி வாங்கிட்டு வர்ற மாதிரி...

நல்லையா: சிரிக்காத. வெளி ஈரம் வரல. உள்ள வேர்வை ஊறி, அதுலதான் புண்ணே பெருசாச்சு. அப்பறம் ரெண்டு சாக்ஸத் திணிச்சு பூட்ஸு மாட்டினேன்... ரத்தம் ஓடாம காலு கட்டையாப் போச்சு. உன் வீட்டுக்காரரு காஜா பாய் குடுத்தாரு பாரு, தோல் சாக்ஸு! பனியும் ஏறல, ஈரமும் ஏறல. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

கரீமா: எந்தத் தோல் சாக்ஸு?

நல்லையா: அதான்... தொழுகைக்கு முன்னால, கால் கழுவாம மேல ஈரக்கையால தடவிக்குவாருல்ல, அது. ரெண்டு ஜோடி வச்சிருக்கேன்னாரு...

கரீமா: ரெண்டு ஜோடியா!

நல்லையா: ஏன்... இல்லையா?

கரீமா: எங்க அண்ணன் ஹஜ்ஜுக்குப் போனப்ப வாங்கிட்டு வந்தது ஒரே ஜோடி. பள்ளிவாசல்ல எவனோ திருடிட்டான்னு ஒரு மாசமா இவரு... இந்தா, ஆளே வந்துட்டாரு. என்னங்க, இங்க வாங்க!

காஜா மைதீன்: என்னா சத்தம்? அட, நல்லையா! விரலு...?

நல்லையா: இருக்கு பாய்.

காஜா மைதீன்: எங்க காட்டு... யா அல்லாஹ்! கரீமா, இவருக்கு ஒரு டீ போடு. சீனி வேணாம்.

கரீமா: டீ கெடக்கட்டும். சாக்ஸத் திருடினவன் ஆப்புட்டுக்கிட்டான்.

காஜா மைதீன்: எந்த... ஓ.

கரீமா: என்னா ஓ?

காஜா மைதீன்: அது வந்து... ஒருத்தருக்குக் குடுத்தத வெளிய சொல்லிக் காட்டக் கூடாதுன்னு...

கரீமா: பொண்டாட்டி வெளியாளா?

நல்லையா: பாய், இந்தாங்க. புடிங்க.

காஜா மைதீன்: யோவ், எதுக்குய்யா கழட்டுற? மாட்டுய்யா மொதல்ல!

நல்லையா: அறுவது வயசுல, மூட்டு வலியோட, விடியக்காலம் சுபுஹு தொழுகைக்குச் சில்லுத் தண்ணியில காலக் கழுவிக்கிட்டு இருந்திருக்கீங்க. எனக்காக. இத இனி மாட்டினா என் காலு கூசும்.

காஜா மைதீன்: கூசுறதுக்குக் காலு இருக்குல்ல? அது போதும்.

நல்லையா: வெளையாடாதீங்க பாய்... எனக்கு அழுகை வருது. கூடப் பொறந்தவன் செய்வானா இத?

காஜா மைதீன்: அழுவாதய்யா. சத்தியமாச் சொல்றேன், மொத நாளுதான் நடுங்கிப் போனேன். மறுநாள்லேருந்து தொட்டித் தண்ணி சில்லுன்னே இல்ல. வெதுவெதுன்னு இருக்கு! அல்லாவோட கருணைன்னு நெனச்சுக்கிட்டேன்.

நல்லையா: எதிர்ல வர்ற மாடு தெரியல, அவ்வளவு பனி. தொட்டித் தண்ணி வெதுவெதுன்னு இருக்காம்! எனக்கு ஒரு பொய், தங்கச்சிக்கு ஒரு பொய், இப்ப மூணாவதா? இந்தாங்க... நான் வெறுங்காலோடயே போறேன்.

காஜா மைதீன்: கரீமா! வரப்புல வெறுங்காலா மிதிக்கப் போறான்... நீயாவது சொல்லேன்!

கரீமா: நில்லுங்கண்ணே. மூணாவது பொய் இல்ல. மொத நாளு காலையில நீங்க சைக்கிள்ளேருந்து எறங்கினப்பவே கணுக்கால்ல செவப்பு நூலப் பாத்துட்டேன்... சாக்ஸு பிரிஞ்சப்ப நான் தச்ச தையலு எனக்குத் தெரியாதா? இந்த மனுசன் வாயத் தொறக்கட்டும்னு இருந்தேன், தொறக்கல. அதான் மறுநாள்லேருந்து இவரு எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே ஒரு அண்டாத் தண்ணியச் சுட வச்சுத் தொட்டியில ஊத்திட்டு, மறுபடி போய்த் தூங்குற மாதிரி படுத்துக்குறேன். பனி இன்னும் விடல, மாட்டிக்கிட்டுக் கெளம்புங்கண்ணே.