களத்தில் நிரூபிக்கப்பட்ட கருவி

கூட்டங்களில் வைக்கும் பிஸ்கட்டை நான் தொடுவதில்லை. கம்பெனிக்காரர்கள் வாங்கி வைத்ததா, அரசாங்கச் செலவில் வந்ததா என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். பாதுகாப்புத் தளவாடக் கொள்முதலில் இத்தனை வருடம் இருந்தும் என்மேல் ஒரு புகார்கூடக் கிடையாது. நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்திலும் பணம் எதுவும் கைமாறவில்லை. என் வங்கிக் கணக்கைக் கிளறி உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என் மனைவியின் தம்பி இறந்துபோனான். எரிபொருள் கிடங்குக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள வெற்றுமனையில், பட்டப்பகலில். நாங்கள் அங்கே சோதனைக்கு வைத்திருந்த கருவிதான் அவனைக் கொன்றது. அது விபத்தா, அல்லது எனக்கு முன்பே தெரியுமா என்பது உங்கள் கேள்வி. கேட்டால் நான் பொய் சொல்வதில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். முன்பு ஒரு ரேடார் வாங்கினோம். கம்பெனியின் சொந்த மைதானத்தில் ஈ பறந்தால்கூடக் காட்டியது. எங்கள் முகாமில் கொண்டுவந்து வைத்த பிறகு தலைக்கு மேலே வந்த ட்ரோனைக் காட்டவில்லை. நான்கு காவலர்கள் செத்தார்கள். அதில் ஒருவருடைய மனைவி அலுவலகத்துக்கே வந்து, வாசலில் நின்றபடி, "யாருங்க அதை வாங்கினது?" என்று கேட்டாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் கொள்முதல் விதிகளில் அந்த வரியைச் சேர்த்தேன். எந்தத் தற்காப்புக் கருவியும் உண்மையான களத்தில், சொல்லாமல் வந்த எதிரியின்மேல், ஒரு தடவையாவது வேலை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கக் கூடாது. நானே எழுதிய வரி. அமைச்சகத்தில் தட்டிக்கொடுத்தார்கள்.

போன வருடம் அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து உட்காரும் ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு பெண் பொறியாளர் புதுக் கருவி ஒன்றைப் பற்றிப் பேசினார். அது ட்ரோனைத் துரத்தாது. ரிமோட்டிலிருந்து வரும் அலையைப் பிடித்துக்கொண்டு, ட்ரோனைப் பறக்க விடுகிற ஆளைத் தேடிப் போய்த் தாக்கும்.

"ட்ரோனை விழ வெச்சா அவன் கடையில இன்னொண்ணு வாங்கிட்டு வருவான் சார். ஆளை நிறுத்தினாத்தான் நிக்கும்" என்றார்.

"எங்கயாவது நிறுத்தியிருக்கா?" என்று கேட்டேன்.

"நீங்க வாங்கி வெச்சாத்தானே சார் நிறுத்தும்."

"நிறுத்தியிருந்தாத்தானேம்மா நான் வாங்க முடியும்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. படைத் தரப்பில் வந்திருந்த மூத்த அதிகாரி, "நீச்சல் கத்துக்கிட்டு வந்தாத்தான் குளத்துல இறங்க விடுவேங்கறாரு" என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்தக் கருவியை எனக்குப் பிடித்திருந்தது. அந்த வருடம் மட்டும் ட்ரோன் தாக்கி இரண்டு கிடங்குகள் எரிந்திருந்தன. இது இருந்திருந்தால் எரிந்திருக்காது.

கருவியை இரவல் வாங்கிக் கிடங்கில் வைத்தோம். மாதங்கள் போயின. எதிரி வரவில்லை. எல்லோருக்கும் அது நிம்மதி, எனக்கு மட்டும் தூக்கம் கெட்டது. வெற்றுமனையில் ஒரு கம்பம் நட்டு அதில் ரிமோட்டைக் கட்டிச் சோதித்தோம். கருவி கம்பத்தைப் பொடிப்பொடியாக்கியது. ஆனால் கம்பம் எதிரி இல்லையே. இரவல் கெடு முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அப்புறம் கருவியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இனி என் மச்சினன். கல்யாணங்களுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுப்பவன். என் கல்யாணத்தின்போது இளவட்டம், கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அத்தான், சிரிக்கறதுக்கும் டெண்டர் விடணுமா?" என்று கேட்டவன். மாமனார் வீட்டில் என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். கிடங்கின் ஆண்டு விழாவுக்கு மேலேயிருந்து எடுத்த படம் வேண்டும், கால்வாய்க்கு அந்தப் பக்க வெற்றுமனையில் நின்று எடு என்று சொன்னேன்.

"அங்கல்லாம் பறக்க விடலாமா அத்தான்? பிடிச்சு உள்ள போட்டுடப் போறாங்க."

"அனுமதி குடுக்கறவனே நான்தான் மாப்ள."

"சரி, காசு?"

"டெண்டர் விட்டுத்தான் குடுக்கணும்."

அவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து சிரித்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏன் அவன் என்று கேட்பீர்கள். வெளியாள் என்றால் எழுத்தில் அனுமதி கேட்பான், நாலு பேரிடம் சொல்வான். அதோடு ஊரான் வீட்டுப் பிள்ளையை இதற்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நம் தேவைக்கு நம் வீட்டு ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

படம் எடுக்கப் போன அன்று காலை அவன் எனக்குப் போன் செய்த பதிவை நீங்கள் எனக்கே போட்டுக் காட்டினீர்கள். அவன் மகள் தானும் வருவேன் என்று அடம்பிடித்ததாகச் சொன்னான். நான், "வேண்டாம், அங்க நிழலே இல்ல, புள்ளைக்கு வெயில் ஒத்துக்காது" என்றேன். அவன் சரியென்று அவளை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். எனக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி என்கிறீர்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தை இன்று உயிரோடு இருப்பது என்னால்.

கருவிக்கு ஒரு நிறுத்துப் பொத்தான் உண்டு. குறிவைத்த ஆள் திரையில் தெரிவான். தவறான ஆள் என்றால் அதை அழுத்தலாம். அங்கே வழக்கமாக உட்காரும் காவலரை நான்தான் சாப்பிடப் போகச் சொன்னேன். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். திரையில் அவன் தெரிந்தான். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தான். ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இடது கையால் கழுத்து வியர்வையைத் துடைத்தான். பொத்தான் என் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்தியிருக்கலாம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் தவறான ஆள் என்று கருவிக்குத் தெரியாதே. அதைப் பொறுத்தவரை அவன் சொல்லாமல் வந்தவன். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

கருவி கச்சிதமாக வேலை செய்தது. பக்கத்து வேலியில் ஒரு கீறல்கூட இல்லை. எதிரி ஊடுருவல் முறியடிப்பு என்று பதிவானது, அடுத்த மாதமே ஒப்பந்தம் ஆனது. இப்போது எல்லாக் கிடங்குகளிலும் அது இருக்கிறது.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. பத்திரிகைகளில் அவனை உளவாளி என்று எழுதினார்கள். மாமியார் வாசல் கதவைத் திறப்பதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவன் மகள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். ஒரு நாள் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவன் அப்படிப்பட்டவன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்தானே. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாத்திடுவாங்கங்க." நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்? அவன் எதிரி இல்லை என்றால் கருவி களத்தில் நிரூபிக்கப்பட்டதாகாது.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அமைச்சகச் செயலர் உங்களிடம் சொன்னது உண்மை. இது நடப்பதற்கு முந்தின வாரம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அந்த ஒரு வரியை இந்த ஒரு தடவை தளர்த்திடலாமே. நீங்க எழுதினதுதானே, நீங்க சரின்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். முடியாது என்றேன். ஒரு கம்பெனிக்குத் தளர்த்தினால் நாளைக்குப் பத்துக் கம்பெனி வந்து நிற்கும். மறுபடியும் ஒரு காவலருடைய மனைவி வாசலில் வந்து நிற்பாள். அப்போது சரி என்றிருந்தால் மச்சினன் இருந்திருப்பானே என்கிறீர்கள். இருந்திருப்பான்.

எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், தெரிந்துதான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம்: வாக்குமூலத்தின் மூன்றாவது வரியில் அவனை "அப்பாவி" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அடித்துவிட்டு "எதிரி" என்று போடுங்கள். இல்லையென்றால் விதிப்படி அந்தக் கருவியை நாம் வாங்கியதே செல்லாது.