ரப்பர் குழாயும் முதல் பந்தியும்

இன்ஸ்பெக்டர் ஐயா, ஆடு அறுப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. கறியாகி இலைக்கு வந்துவிட்டால் மட்டும் பயம் தெளிந்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லியே என் மனைவி நேசபாய் ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். ஆகவே என் புகாரை ஒரு முரடனின் வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸின் ரப்பர் குழாயை வைத்து ஓர் ஆளைக் கெடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

என் பெயர் டைட்டஸ். இன்று தக்கலை–நாகர்கோவில் பஸ்ஸுக்கு டிரைவர். முன்பு அதே பஸ்ஸுக்கு மெக்கானிக். அப்போது டிரைவர் இஸ்ரவேல் அண்ணன். காக்கிச் சட்டையும் மீசையுமாக அவர் ஹாரனை அமுக்கினால் தக்கலைச் சந்தையே ஒதுங்கும். நான் வண்டிக்கு அடியில் கிடப்பவன். ஊருக்குத் தெரிந்தது என் கால்கள் மட்டும்தான். அவையும் அழகான கால்கள் அல்ல.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அசனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் சபையார் வருஷத்துக்கு ஒருமுறை சேர்ந்து சாப்பிடும் விருந்து அது. கர்த்தருக்கு முன் எல்லோரும் ஒன்று என்று போதகர் ஜெபித்து முடித்ததும், முதல் பந்தியில் போதகர், வாத்தியார், இஸ்ரவேல் அண்ணன். எனக்கு எப்போதும் மூன்றாம் பந்தி. அதற்குள் கறி தீர்ந்து எலும்பு மிஞ்சியிருக்கும். இதற்காக ஒருவன் அழுவானா? கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன், ஐயா.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப்பத்தில், அசனத்துக்கு முந்தின வாரம், ரேடியேட்டரின் மேல் குழாய் வெடித்துக் கசிந்தது. புதுக் குழாய் போட்டேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை. துருவைச் சுரண்டி, இரு முனைகளையும் ஏற்றி, எஞ்சின் பக்கத்து இரும்பு வளையத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். ரேடியேட்டர் பக்கத்து வளையத்தைப் பேருக்கு மாட்டி வைத்தேன்.

"ஏலே டைட்டஸ், நல்லா முறுக்கினியா?" என்றார் அண்ணன்.

"முறுக்கியாச்சு அண்ணே."

பாதி உண்மைதான்.

அவருக்கு ஒரு பழக்கம். வழியில் வில்லுக்குறியில் தண்ணீர் ஊற்ற நிறுத்தும்போது, பானட்டைத் தூக்கி, காதைக் குழாயருகே வைத்து, பலாப்பழம் பார்ப்பதுபோல் விரலால் தட்டுவார். உள்ளே கொதிக்கிறதா, ஆறிவிட்டதா என்று சத்தத்திலேயே தெரியுமாம். பயணிகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்தப் பக்கத்து வளையத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெந்நீர் முகத்தில் விழும் என்று தெரியும். ஒரு வாரம் படுப்பார், அந்த ஒரு வாரம் நான் ஓட்டுவேன் என்று நினைத்தேன்.

அவர் தட்டினார். குழாய் கழன்றது. இரண்டு கண்ணும் போய்விட்டது.

மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு என் கையைத் தடவினார். "உனக்க மேல குத்தமில்ல மக்கா. புதுக் குழாய் இல்லியா போட்டுத் தந்த? எல்லாம் எனக்க நேரம்." அடுத்த அசனத்தில் முதல் பந்தியில் அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, எலும்பு நீக்கி, சோறு பிசைந்து கொடுத்தேன். சபையே என் மனசைப் புகழ்ந்தது. எனக்குப் பாயசம் இரண்டு முறை வந்தது.

இப்போதைய மெக்கானிக் செல்வதாஸைப் பற்றித்தான் என் புகார். போன அசனத்தில் அவனுக்கு மூன்றாம் பந்தி. காத்து நின்ற நேரமெல்லாம் என் இலையையே பார்த்தான். நேற்று வந்து, ரேடியேட்டர் குழாய் மாற்ற வேண்டும் என்கிறான். நானே மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

"எனக்க வேலையில நம்பிக்கை இல்லியா அண்ணே?" என்று சிரித்தான்.

ஒரு வேளைச் சோற்றுக்காக மனிதன் இன்னொருவன் கண்ணைப் பறிப்பானா என்று யோசிக்காதீர்கள், ஐயா. அவனை உள்ளே போடுங்கள். எனக்கிருக்கும் இளகிய மனசு அவனுக்குக் கிடையாது. அந்த அசனத்துக்கு ஆடு அறுத்ததே அவன்தான். கை நடுங்கவே இல்லையாம்.