ஜோர்ஜ் கேட்ட பந்து

பின்னேரம் நாலு மணி. மார்கழியில் ஒஸ்லோவுக்கு அது கும்மிருட்டு. ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் பின்னால் ஓர் ஒற்றைப் பாதை... காலடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும். ஆன்ட்ரியாஸ் தனியே நடந்துகொண்டிருந்தார்.

இது கிளெமென்ற்றின் மைத்துனருக்கு நடந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைகளுக்குள் ஒடுங்கியிருந்தவர்களுக்குக் கிளெமென்ற்தான் சொன்னார்.

ஆன்ட்ரியாஸ் வடகோடி மீன்பிடி ஊரான பாட்ஸ்பியோர்ட்டில் பிறந்தவர். மீன் ஆலையில் வேலை செய்த தகப்பன், ஊரில் மட்டையால் பந்தடித்து ஓடி விளையாடும் எல்லேயைத் துறைமுகப் பனியில் பழக்கினார். அந்தக் கைதான் பிறகு ஒஸ்லோவில் பேஸ்போல் எறிந்தது. எறிவதற்குச் சம்பளம் வாங்கிய முதல் தமிழன் அவர்.

"பேய்க்கதை எண்டு கூப்பிட்டிட்டு விளையாட்டுச் செய்தி வாசிக்கிறியள், அண்ணை," என்றாள் போர்வைக்குள் இருந்த ஜெனுஷா.

"பொறு பிள்ளை. பேய் இன்னும் ட்ரெயினாலை இறங்கேல்லை."

எல்லேயில் பந்து போடுபவர் அடிப்பவரின் அணிக்காரர். அடிக்க வாகாகப் போடவேண்டும். பேஸ்போலில் அவர் எதிராளி, அடிக்க விடக்கூடாது. கோயில் ஒன்றுகூடலில், பாடகர் குழுவில் பாடும் ஜோர்ஜ் மட்டையோடு வந்து நின்றான்.

"அண்ணை, எல்லேக்குப் போடுறமாதிரி மெல்லமாப் போடுங்கோ."

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஆன்ட்ரியாஸ் முழு வேகத்தில் எறிந்தார்.

கன்னப்பொறியில்... டொக்.

ஜோர்ஜ் சிரித்துக்கொண்டே எழும்பினான். மறுநாள் விடிய எழும்பவில்லை.

ஆன்ட்ரியாஸ் செத்தவீட்டுக்குப் போகவில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் போகவில்லை. ஜோர்ஜின் தாய் யோசெப்பினின் முகத்தில் எப்படி முழிப்பது? பந்தைத் தொடுவதையும் விட்டார். கடவுளிடம் தினமும் மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டிய வாசலுக்குத்தான் கால் வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேலாகி, அந்த மார்கழிப் பின்னேரம்தான் கால் வந்தது.

மாடிப்படி முழுக்க இஞ்சித் தேத்தண்ணி வாசம். மணியை அமத்தினார். யோசெப்பின் கதவைத் திறந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"அன்ரி... என்னை மன்னிச்சு..."

"உதைத்தானே ராசா கிழமைக்கிழமை வந்து சொல்லுறாய். நான் எப்பவோ மன்னிச்சிட்டன்."

அவருடைய கையைப் பிடித்தார் யோசெப்பின். பிடித்தவர் துணுக்குற்றார். கை விறைத்துக் கிடந்தது. தோளெல்லாம் பனி.

"இதென்ன... நீ எப்ப வெளியிலை போனனீ? இப்பதானே கோப்பை கழுவுறன் எண்டு குசினிக்குள்ளை போனாய்?"

குசினியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நின்றது.