வாலில் கட்டிய தராசு

டீயைக் குடியுங்கள் மேடம், ஆறிவிடும். அந்தக் கோப்பை நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் செய்தது. விளிம்பில் ஒரு புள்ளி இருக்கிறது என்று கழித்துப் போட்டது. கழித்ததும் நான்தான், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். விருத்தாசலத்தில் பாதி வீடுகளில் இப்படிக் கழித்ததில்தான் டீ குடிப்போம்.

சூளையிலிருந்து வருவதைச் சுண்டிப் பார்த்து, நல்லது எது, பழுது எது என்று பிரிப்பது என் வேலை. நான் பழுது என்று சொன்னதை வேறு யாரும் எடுத்துச் சுண்டிப் பார்ப்பதில்லை. தராசைப் பார்க்கும் பொறுப்பை என் கணவர் எனக்குக் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர் அவர். மற்ற ஆண்கள் சம்பளம் வந்தால் மனை வாங்குவார்கள். இவர் கொல்லையில் கொட்டகை போட்டு விமானம் கட்டினார். அவர் பெயரும் கார்முகில். எஞ்சின் ஒரு பழைய ஜப்பான் காரிலிருந்து கழற்றியது, ரோட்டரி எஞ்சின். அதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒரு துண்டு கூட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். "ஒன்னையே சுத்தி வர்ற என்னை மாதிரின்னு வச்சிக்கயேன்" என்று கல்யாணமான புதிதில் விளக்கினார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே காதல் வசனம் அது. அதற்கும் ஒரு எஞ்சின் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. விமானத்தின் வாலில் கயிறு கட்டி, நடுவில் ஒரு கொக்கித் தராசை மாட்டி, மறுமுனையைப் புளியமரத்தில் கட்டுவோம். அவர் விசிறியின் சாய்வை மயிரிழை திருப்புவார், பெட்ரோலைக் கொஞ்சம் குறைப்பார், தீப்பொறி விழும் நேரத்தை ஒரு துளி முன்னால் தள்ளுவார். பிறகு ஏறி உட்கார்ந்து முழு வேகம் கொடுப்பார். விமானம் கயிற்றை எத்தனை கிலோவுக்கு இழுக்கிறதோ அதுதான் எஞ்சினின் யோக்கியதை. நூற்றைம்பது வந்தால் இரண்டு பேரோடு பறக்கலாம்.

அவர் முன்னால், தராசு பின்னால். எஞ்சினை நிறுத்தியதும் தராசும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். போனில் படம் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தோம். என் கை நடுங்கி எண் கலங்கலாக விழுந்தது. நடுங்கவிட்டது நான்தான். "வுடு, ஒன் கண்ணு போதும்" என்றார்.

இறங்கி ஓடி வந்து என் முகத்தைப் பார்ப்பார். வாரம் முழுக்க என் முகம் இருக்கும் திசைகூடத் தெரியாத மனிதர், அந்த ஒரு நொடி என் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல புடவை கட்டுவேன். அதைக் கவனித்தவர் என் மாமியார் காசியம்மாள் மட்டும்தான்.

"புகை குடிக்கப் போறதுக்குப் பட்டுப் பொடவையா?"

"ஒங்க புள்ள பாக்கறது அங்க மட்டுந்தான் அத்தை."

"மாட்டுக் கொட்டாயில பொறந்தவன் ஏரோப்பிளான் கட்டறான். பாக்க வேண்டியதுதான்."

நூற்றைம்பது வந்துவிட்டால் விமானத்தை லாரியில் ஏற்றி ஓசூர் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தார். அங்கே இவரைப் போலவே நாலு பேர். பின் சீட்டு எனக்குத்தான் என்றார். பெட்டிக்கும் அந்த மரியாதை உண்டு.

ஒரு ஞாயிறு தராசு நூற்று ஐம்பத்திரண்டு காட்டியது. அவர் ஓடி வந்தார். நான் நூற்று இருபத்தொன்று என்றேன். நான் கெட்டது எதையும் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறும் வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் நூற்று இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

இழுவை இல்லை என்றதும் அவர் எடையைக் குறைக்க ஆரம்பித்தார். முதலில் பின் சீட்டைக் கழற்றினார். "ஒன்னைக் கூட்டிக்கிட்டுப் போவ முடியாது போலிருக்குது அன்பு" என்று கண் கலங்கினார். எனக்காக அவர் அழுதது அன்றுதான். எப்படி உண்மையைச் சொல்வேன்? பிறகு மூக்குப் பக்கம் இருந்த பேட்டரியை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வைத்தார். பிறகு சோற்றை விட்டார்.

"புள்ளைக்கிச் சோறு போடறியா இல்லியாடி?"

"அவருதான் வேணாங்கறாரு அத்தை."

"எலும்புக்கூடு ஓட்டறதுக்கு எஞ்சினு எதுக்கு? காத்தே தூக்கிக்கிட்டுப் போயிடுமே."

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு சரி. மூக்கு லேசானால் விமானம் தலையைத் தூக்கும், தூக்கினால் நிற்காமல் விழும் என்று என் கணவரே எனக்கு ஒரு காலத்தில் கரண்டியை விரலில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். எஞ்சின் பலவீனமாக இருக்கும்வரை அந்தப் பயம் இல்லை என்று அவர் நினைத்தார். பலவீனமாக இருந்தால்.

ஆடியில் ஒருநாள், எஞ்சினை விற்கப்போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருகிறது. அதற்கு முன்னால், ஆசைக்கு ஒரு தடவை, கொல்லைக்குப் பின்னால் இருக்கிற தரிசில் தரையோடு தரையாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். நூற்று இருபதுக்கு அது எங்கே எழும்பப்போகிறது என்று சிரித்தார்.

ஞாயிறு காலை கடைசியாக இழுத்துப் பார்த்தோம். தராசு நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார். நூற்று இருபத்தொன்று என்றேன். வாலில் இருந்த கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பொறுமையாகத்தான் அவிழ்த்தேன்.

பாதித் தரிசுகூடப் போகவில்லை. திடுக்கிட்ட கொக்கு மாதிரி எழும்பி, மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, ஒரு நொடி நின்று, விழுந்தது. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் இல்லை.

விபத்தை விசாரிக்கிற உங்கள் ஆட்கள் அந்த எஞ்சினைச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டி, இது நூற்று இருபத்தொன்று இழுக்கும் எஞ்சின் இல்லையே என்று கண்டுபிடித்ததால் வந்திருக்கிறீர்கள். சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள்.

இப்போது எல்லா நாளும் ஞாயிறு மாதிரிதான் மேடம். சாப்பாடு ஊட்டும்போது என் முகத்தைத்தான் பார்க்கிறார். "அன்னைக்கி எவ்ளோ காட்டுச்சு அன்பு?" என்று தினமும் கேட்கிறார். "நூத்தி இருபத்தொண்ணுங்க." "அப்ப எப்புடி எழும்புச்சு?" "ஒங்க கைராசிங்க." கொஞ்சம் சிரிக்கிறார். எடையும் ஏறியிருக்கிறது.

கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். புள்ளி இல்லைதான். பிடித்திருந்தது, கொண்டுவந்தேன்.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். உள் அறைக்குப் போய் அவரிடம் மட்டும் எதுவும் சொல்லாதீர்கள். இந்த உலகத்தில் அவர் நம்புவது என் ஒரு வார்த்தையைத்தான். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதரிடமிருந்து அதையும் பிடுங்குகிற அளவுக்குக் கல்நெஞ்சம் எப்படித்தான் வருகிறதோ உங்களுக்கெல்லாம்.