மூணு தடவ பாத்த வீடு

ஒரு சம்பவம் சொல்றேன், கேளுங்க. சின்னதுதான். காப்பி வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். ஆனா கேட்டதுக்கப்புறம் அந்தக் காப்பி தொண்டையில எறங்குமா... அது எனக்குத் தெரியாது.

கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறை ஒண்ணு. அதுல ஃபோர்மேன் மோகனசுந்தரம். அவரு சம்சாரம் சுகந்தி, ஆஸ்பத்திரியில நர்ஸு. குடியிருக்கச் சொந்த வீடு இருக்கு. ரெண்டாவதா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடணும்னு ஆசை. தப்பா? தப்பே இல்ல. இங்க உட்கார்ந்திருக்கற பாதிப் பேருக்கு அதே ஆசைதான... சிரிக்கிறீங்க பாருங்க!

புரோக்கர் ஒரு வீடு காட்டினாரு. நல்ல தெரு, நல்ல தண்ணி. விக்கறவரு பேரு ராஜலிங்கம். அவங்கப்பா கட்டின வீடு. அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. நம்ம ஆளுங்க அவசரப்பட்டாங்களா? இல்லீங்க. மூணு தடவ போய்ப் பாத்தாங்க. மொதத் தடவ குழாயெல்லாம் தெறந்து பாத்தாங்க. அடுத்த தடவ மழை பேஞ்ச மறுநாளாப் பாத்துப் போயி, செவுத்துல ஓதம் இருக்கான்னு கையால தடவிப் பாத்தாங்க. மூணாந்தடவ பேங்க்லருந்து இன்ஜினியரே வந்தாரு. வில்லங்கம் போட்டாங்க... சுத்தம். பட்டா... ராஜலிங்கம் பேர்ல. வாரிசுச் சான்று... ஒரே மகன். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்னதாங்க பாக்கறது?

போன மூணு தடவையும் அந்த வீட்டுல ஒரு அம்மா இருந்தாங்க. அம்பது வயசு இருக்கும். கதவத் தெறந்துவிட்டு ஓரமா நின்னுக்குவாங்க. சுகந்தி புரோக்கர்கிட்ட மெதுவாக் கேட்டுச்சு.

"அவங்க யாருங்கண்ணா?"

"அதுங்களா... வீட்டப் பாத்துக்க விட்டிருக்காங்க. கிரயம் ஆனதும் கெளம்பிரும்."

சரின்னு விட்டுட்டாங்க.

கிரயம் ஆச்சு. போட்டோ, கைரேகை எல்லாம் முடிஞ்சு ராஜலிங்கம் சாவியக் கையில குடுத்துட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில, பெயிண்டரக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போறாங்க. சாவி போட்டா தொறக்கல. உள்பக்கம் தாழ்ப்பா. தட்டினா... அதே அம்மா.

மோகனசுந்தரம் கேட்டாரு, "ஏனுங்கம்மா, நீங்க இன்னும் கெளம்பலீங்களா?"

"எங்கீங்க கெளம்பறது?"

"இந்த வீட்ட நாங்க வாங்கிட்டமுங்க."

"வாங்கிட்டீங்களா? யாரு வித்தாங்க?"

"ராஜலிங்கம்."

அந்த அம்மா நிலையப் புடிச்சுக்கிட்டாங்க.

"எங்கண்ணனா?"

...

அண்ணன்! கூடப் பொறந்த அண்ணன்! அந்த அம்மா பேரு தெய்வானை. புருஷன் தவறினதும் அப்பா வீட்டுக்கு வந்தவங்க. அப்பா படுத்த படுக்கையாக் கெடந்த நாலு வருஷமும் அவருக்குக் கஞ்சி ஊட்டினவங்க. அவரு உயில் எதுவும் எழுதல. சட்டப்படி வீட்டுல பாதி இவங்களோடது. அண்ணன் என்ன பண்ணினாரு? தங்கச்சியே இல்லன்னு சொல்லி வாரிசுச் சான்று வாங்கிட்டாரு. தங்கச்சிகிட்ட, "லோன் கேட்டிருக்கேன், வீட்ட மதிப்புப் போட ஆளுங்க வருவாங்க, தெறந்து காட்டு"ன்னு சொல்லிட்டாரு. அவங்களும் தெறந்து காட்டினாங்க. தன் வீட்ட வாங்க வந்தவங்களுக்கு, தன் கையாலயே!

சுகந்தி அப்படியே வாசப்படியில உட்கார்ந்துருச்சு. தெய்வானையம்மா உள்ள போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. குடுத்துட்டு ஒரே ஒரு வார்த்த கேட்டாங்க.

"மூணு வாட்டி வந்தீங்களேம்மா. ஒரு வாட்டியாவது, 'நீ யாரு'ன்னு என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

பெயிண்டரு டப்பாவ வண்டியில திருப்பி ஏத்திட்டாரு.

அன்னைக்கு மத்தியானமே புருஷனும் பொஞ்சாதியும் பத்திரம் எழுதினவர்கிட்ட ஓடினாங்க. அந்தப் பத்திரத்த எழுதினது யாரு தெரியுங்களா?

நான்தான்.

ஆமாங்க. இதோ, உங்க முன்னால மைக்கப் புடிச்சு நிக்கற நானேதான். இருபத்தாறு வருஷமாப் பத்திரம் எழுதுறேன். மோகனசுந்தரம் என் மேசை முன்னால நின்னுக்கிட்டுக் கேட்டாரு, "வில்லங்கத்துல ஏங்க இது வரல?" நான் சொன்னேன், "பதிவு பண்ணினதுதாங்க வில்லங்கத்துல வரும். பொறந்தது வராது." சொல்லும்போதே எனக்கு உறைச்சிருச்சு. ராஜலிங்கம் என் எதுத்தாப்புல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. 'கூடப் பொறந்தவங்க உண்டா?'ன்னு நான் வாயத் தெறந்து கேக்கலியே! சான்றுல முத்திரை இருந்துச்சு, எழுதிட்டேன்.

கேசு அஞ்சு வருஷம் நடந்துச்சு. பாதி வீடு தெய்வானையம்மாவுக்குன்னு தீர்ப்பாச்சு. மீதிப் பாதி நம்மாளுங்களுக்கு. ராஜலிங்கம் பாதிப் பணத்தத் திருப்பித் தரணும்னு உத்தரவு இருக்கு... ஆளத்தான் காணோம். பாதி வீட்டுக்கு முழு லோன் கட்டறாங்க. சுகந்தி இன்னைக்கும் ஞாயித்துக்கெழம சேத்து ரெட்டை டூட்டி பாக்குது.

வீடு வாங்கப் போறவங்க எங்கிட்ட வந்து என்ன கேக்கறீங்க? வாடகை எவ்வளவு வரும்? நாளைக்கு வெல ஏறுமா? லோன் கெடைக்குமா? கேளுங்க. கேக்க வேண்டியதுதான். ஆனா அதுக்கு முன்னால, புரோக்கர் இல்லாம, நீங்களா ஒரு நாள் அந்தத் தெருவுக்குப் போங்க. பக்கத்து வீட்டுல பேசுங்க. 'இந்த வீட்டுக்காரருக்கு எத்தன புள்ளைங்க?'ன்னு விசாரிங்க. உள்ள யாரு குடியிருக்காங்களோ, அவங்க மொகத்தப் பாத்து, 'நீங்க யாருங்க? வீட்டுக்காரரு உங்களுக்கு என்ன உறவு வேணும்?'னு கேளுங்க. செவுத்தத் தடவிப் பாக்கறோம், மனுஷங்கள விட்டுடறோம். காகிதம் மறைக்கும். உங்க கேள்விக்கு ஒரு மனுஷி பதில் சொல்லிருவா.

சரி... இந்த மண்டபத்துல ரெண்டாவது வீடு வாங்கினவங்க கையத் தூக்குங்க பாப்போம். அடேயப்பா, நெறயப் பேரு! எறக்கிராதீங்க, அப்படியே வெச்சிருங்க. இப்ப, வாங்கறதுக்கு முன்னால உள்ள குடியிருந்தவங்ககிட்ட உட்கார்ந்து பேசினவங்க மட்டும் வெச்சிருங்க, மத்தவங்க எறக்கிருங்க...

ஒண்ணு... ரெண்டு...

அவ்வளவுதானா?