போர்டு மேல் கோணி

மணலி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு டேங்கர் லாரி டிரைவர்கள். ஒருவர் சொன்னார்: "அந்த மண்டையோட்டு மேல நான் கோணி கட்டிர்க்கவே கூடாது மாமு."

"ஆசிட் வண்டி போர்டா? அத்த மறைக்கக் கூடாதுனு சட்டமே கீதே."

"வண்டிய வூட்டாண்ட நிறுத்தவும் கூடாதுனுதான் சட்டம். சனங்க பாத்தா பேஜாராவும்னு மூடிட்டுத் தூங்கப் போய்ட்டேன்."

"அப்பால?"

"காலைல எதுத்த வூட்டு அக்கா தண்ணி லாரினு நெனச்சி, குடத்த வச்சி பைப்பத் தொறந்துட்ச்சு."

"கேஸு?"

"எனக்கு ஃபைன் போட்டு வுட்டாங்க. ஆஸ்பத்திரில வெந்து கெடக்குற அக்கா மேல, ஆசிட்ட திருடுச்சுனு கம்பெனி கம்ப்ளெய்ன்ட் குட்துகீது."